கார்புரேற்றர் மாதிரி ஒன்று

ஏப்ரல், இரண்டாம் சனி.
மூன்று மழை பெய்து
தெருவின் உப்பைக் கழுவியாயிற்று.
ஒஷாவாவில், ரயர்க் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
மோட்டார் சைக்கிள் கடை வாசலில்
பதினொரு வண்டிகள்
ஆறு மாசத் தூக்கம் கலைந்து
ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நிற்கின்றன.

உள்ளே, போன கிழமை பெட்டி உடைத்த புதியது.
பிறந்து ஏழு நாள்; முகத்துக்கு வயது ஐம்பத்தாறு.
வட்ட விளக்கு. தட்டையான இருக்கை.
முழங்கால் இரண்டுக்கும் இடம்விட்டுக் குழிந்த பெற்றோல் ராங்கி.
நிறம் பச்சை:
வாழையிலையின் அடிப்பக்கம் என்றேன் நான்.
ஆஸ்பத்திரிச் சுவர் என்றான் பிறின்ஸ்ரன்.

அதோடு தொடங்கியது.

டக் மக்ரே குந்தியிருந்து பார்க்கிறார்,
கார் ஆலையில் முப்பது வருசம் கதவு பொருத்தியவர்.
முழங்கால் முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
காற்றில் ஆற வேண்டிய எஞ்சின்,
அதன் முன்னால் ஒரு ரேடியேற்றர்,
கறுப்படித்து ஒளித்திருக்கிறார்கள்.
"தன் உடம்புக்கே வெட்கப்படுகிற வண்டி," என்கிறார்.
ஆனால் எழும்புகிறதாய்க் காணோம்.
விரல் மட்டும் சைலன்சரின் வளைவில்
மெல்லப் போய், திரும்பி வந்து, மறுபடியும்.

ஹர்ஜோத்துக்கு எதுவுமே பிடிக்கவில்லை.
வட்ட டயலை நகத்தால் தட்டுகிறான்.
உள்ளே திரை. திரையில் முள்.
"முள்ளும் படம்! பழசு வேண்டுமா, பழசை வாங்கு.
புதுசு வேண்டுமா, புதுசாய் இரு.
இது என்ன, தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு
வேலைக்கு நேர்முகம் வந்தவன் மாதிரி."

பெட்டி பூட்ட இடமில்லையே, இது பிறின்ஸ்ரன்.
கியூபெக் வரை போனால்
உள்ளாடையை எங்கே வைப்பது?

தனுஜனுக்கு இருபத்தேழு வயது.
அம்மாவின் நிலவறையில் மூன்று பழைய எஞ்சின்களைக் கழற்றிப்போட்டு
ஒன்றையும் இன்னும் பூட்டாதவன்.
போனின் வெளிச்சத்தைக் கீழே பிடித்து
கள்ளனைக் கண்டவன்போல் கத்தினான்:
"இது கார்புரேற்றரே இல்லை!
கார்புரேற்றர் மாதிரி ஒரு மூடி!"
உள்ளே கணினி அளந்து அளந்து தெளிக்கிறதாம்.
சுத்த ஏமாற்று என்றான்.
யாரை ஏமாற்றுகிறது, கேட்டாள் மிஷேல், விற்பனைக்காரி.
"சரித்திரத்தை."

எனக்கு ஒரு கார்புரேற்றரைத் தெரியும்.
தொண்ணூற்றொன்று, சுன்னாகம்.
சங்கத்துக் கணக்குப் புத்தகங்கள் பின்னால் கட்டியபடி.
கண்மருந்துப் போத்தலில் ஐந்து சொட்டுப் பெற்றோல்,
அதன் வாய்க்குள் விட்டு, உதைத்து,
பிடித்தால் மண்ணெண்ணெய்க்கு மாற்றி,
பிடிக்காவிட்டால் கழற்றி, ஊதி, மறுபடி உதைத்து.
சோறு தின்னும் கையில் மூன்று வருசம் அந்த மணம்.
இதை நான் அங்கே சொல்லவில்லை.
சொன்னால் தனுஜனின் கண் விரியும்;
என்ன வண்டி, எத்தனை சிசி,
இப்போது யாரிடம் என்பான்.

பொய்க் கார்புரேற்றரைத் தொட்டுப் பார்த்தேன்.
நல்ல வார்ப்பு. இரண்டு திருகாணி, அவையும் சும்மா.
ஒன்றையும் ஊதத் தேவையில்லாத,
கை மணக்காத பொய்.
இந்த விலைக்கு
இதைவிட அதிக உண்மை எனக்கு வேண்டாம்.

ஏறி இருந்தேன்.
என் உயரம் ஐந்தடி ஒன்று.
பதினேழு வருசமாய் இந்த நாட்டு வண்டிகளில்
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
ஒரு காலின் பெருவிரலில் நின்றிருக்கிறேன்.
இப்போது இரண்டு குதியும் நிலத்தில்.
முழுசாய்.

ஒருவரும் கவனிக்கவில்லை.
ஒரே கட்சி என்று நான் நினைத்திருந்த டக்கும் தனுஜனும்
சக்கரத்தின் கம்பிகள் முப்பத்தாறா நாற்பதா இருந்திருக்க வேண்டும் என்று
ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஹர்ஜோத் கோப்பி வாங்கப் போய்விட்டான்.

மிஷேலைக் கிட்டக் கூப்பிட்டு
வேறு நிறம் இருக்கிறதா என்று
மெல்லத்தான் கேட்டேன்.

பிறின்ஸ்ரனுக்குக் கேட்டுவிட்டது.