நாற்பத்தெட்டு

ரோபோ இல்லாமல் வந்தோம்.
அது போன கிழமையே தோற்று
ஸ்காபரோவில், பள்ளிக்கூட அலமாரிக்குப் பக்கத்தில்
தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.
நார்த் பேயில் ஆள் போதாது என்றார்கள்.
பதினோரு பேர், நான்கு மணிநேரம்,
பஸ் ஜன்னலில் பனியைத் தவிர வேறொன்றும் இல்லை.

வாசலில் ஒரு பெண்மணி கேட்டார்: எந்த அணி?
எண்ணைச் சொன்னோம்.
பட்டியலில் தேடிவிட்டு, காணவில்லையே என்றார்.
விளையாட வரவில்லை என்று சாருகன் சொன்னபோது
அவன் குரல் கொஞ்சம் பிசிறியது.
குளிராக்கும் என்று நினைத்திருப்பார்.

ஆளுக்கொரு நீலச் சட்டை, எல்லாம் எக்ஸ்எல்.
துவாரகாவுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கிற மேசை.
சாருகனுக்கு உதிரிப்பாகம்.
வாய் ஓயாத அபிநயனை
வரிசையில் அமைதி காக்கப் போட்டார்கள்.
எனக்குப் பந்து.

ஆட்டம் இரண்டரை நிமிடம்.
மணி அடித்ததும் வேலிக்குள் இறங்கி
சிதறிய மஞ்சள் பந்துகளைப் பொறுக்கி
இருந்த இடத்தில் இருத்தவேண்டும்.
மூலைக்கு ஆறு, நடுக்கோட்டில் பன்னிரண்டு,
ஆறு ரோபோக்களின் வயிற்றில் இரண்டிரண்டு.
நாற்பத்தெட்டு.
ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆட்டம் தொடங்காது.
காலையில் குனிந்த முதுகு
மத்தியானம்வரை நிமிரவில்லை.
போன கிழமை இதேபோலொரு வேலிக்கு வெளியே நின்று
"கெதியாப் பொறுக்குங்கோவன்" என்று கத்தினது
நான்தான்.

முப்பத்தோராம் ஆட்டம் முடிய, நாற்பத்தேழு.
மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு.
நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
மேலே இருந்தவர்கள் கைதட்டித்
தாளம் போடத் தொடங்கினார்கள்.
ஓடினேன்.
ஓடக்கூடாது என்பது முதல் விதி.

திரைக்குப் பின்னால் பதினேழாம் தடுப்பு.
கப்புஸ்கேசிங்கில் இருந்து வந்த அணி, மூன்றே பேர்,
ரோபோவைக் கவிழ்த்துப்போட்டுச் சுற்றி நின்றார்கள்.
அதன் வயிற்றில் என் பந்து.
மோட்டார் கருகிய மணம்.
சட்டையில் மிரெய் என்று பெயர் ஒட்டியிருந்தவள்
தோள்வரை கையை விட்டு
பந்தை இழுத்து என்னிடம் தந்து
"பார்டோன்" என்றாள்,
களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி.

திரும்புகிற வழியில் சாருகனின் மேசை.
"கருகிப்போச்சு, பதினேழு" என்றேன், நிற்காமல்.
பெட்டியின் அடியில் கையை விட்டு
பல்சக்கரத்தோடு ஒரு மோட்டாரை எடுத்தான்.
அதில் மார்க்கரால் எழுதியிருந்தது:
கொத்து, இடது.

கொத்து எங்கள் ரோபோ.
கை இறங்கும்போதெல்லாம்
சனி இரவில் கடைக்காரர் ரொட்டி கொத்துகிற சத்தம் வரும்,
அதனால் அந்தப் பெயர்.
அதை நிறுத்த ஆறு கிழமை மினக்கெட்டோம்,
எண்ணெய், ரப்பர், கெட்ட வார்த்தை.
நிற்கவில்லை.

நாற்பதாம் ஆட்டம்.
வேலியோரம் முழங்காலில் இருந்தேன்.
டங்டக டங்டக.
அபிநயன் பாதிச் சொல்லில் நிறுத்தினான்.
துவாரகா கதிரையை விட்டு எழும்பினாள்.
நீலச் சட்டைகள் அங்கங்கே கழுத்தை நீட்டின.
பிரெஞ்சு பேசுகிறவர்களின் இயந்திரத்துக்குள்
எங்கட சத்தம்.

எட்டுப் புள்ளியால் தோற்றார்கள்.
மிரெய் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள்,
ஓடியதே பெரிது என்பதுபோல.
நான் பந்து பொறுக்கினேன்.

பள்ளி முடிக்க நாற்பது மணிநேரத் தொண்டு வேண்டும்;
அதற்கொரு படிவம்.
செய்த வேலையை விவரிக்கவும் என்ற கட்டம்
தீப்பெட்டி அளவு.
பந்து பொறுக்கினேன் என்று எழுதினேன்.
மிச்ச இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

ஞாயிறும் அவர்களுக்கு ஆட்டம் இருந்தது.
எங்கள் பஸ் சனி இரவு.
மோட்டாரைத் திருப்பி வாங்க ஒருவரும் போகவில்லை,
போகவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவும் இல்லை.
ஹன்ட்ஸ்வில் தாண்டும்போது,
எல்லோரும் நித்திரை என்று நான் நினைத்த நேரம்,
துவாரகா முன் இருக்கையைத் தட்டினாள்:
வலது இருக்கா?
கிடக்கு, என்றான் சாருகன்.