குண்டு பல்பு

இருபத்திரண்டு வருடம்
என் இடது கை கால்சட்டைப் பையிலேயே இருந்தது.
நானூற்று அறுபது வோல்ட் காத்திருக்கும் பெட்டிக்குள்
ஒரு கைதான் போகலாம்.
இரண்டும் போனால் மின்சாரம்
நெஞ்சைக் குறுக்குவழியாக எடுத்துக்கொள்ளும்.

வால்வுகளோடு வாய்ச்சண்டை போடலாம்.
பென்சிலால் தட்டினால் எது கெட்டதோ அது ணங்கென்று ஒப்புக்கொள்ளும்.
நோவு கண்டால் தகடு சிவக்கும், முனகும், இருமும்,
நான் காபி குடித்துவிட்டு வரும்வரை
சாகாமல் காத்திருக்கும்.

பிறகு வால்வு வைத்திருந்தவர்கள்
சாந்தியாகோவில் சேகரிப்பவர்களுக்கு விற்றுவிட்டார்கள்.
வால்பரைசோவின் படிகளேறி என் கடைக்கு வந்தவையெல்லாம்
டிரான்சிஸ்டர் பெட்டிகள்.
"மணலில் செய்தது மணலுக்கே போகட்டும்" என்று
கடை வாசலில் நின்று நக்கலடித்தவள் நான்.
வாடகை நாளன்று அந்த நக்கலை
யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

யாஸ்னா மீன் சந்தையில் செதில் உரசுகிறவள்,
பெந்தெகொஸ்தே சபையில் பேஸ் கிட்டார்.
பெட்டியை இறக்கி வைத்து,
"ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்,
கர்த்தர் பொறுப்பார், பாஸ்டர் பொறுக்க மாட்டார்" என்றாள்.
கைப்பிடியில் இரண்டு செதில் ஒட்டியிருந்தது.

நான்கு டிரான்சிஸ்டர் புதிதாகப் போட்டேன்.
அடியில் மைக்கா, வெள்ளைப் பசை, எல்லாம் முறைப்படி.
சுவிட்ச்.
சத்தமில்லை, புகையில்லை, ஒரு வாசனைகூட இல்லை.
மீட்டர் வைத்தால் நான்கும் பிணம்.
நம்பாமல் இன்னும் நான்கு.
எட்டு.
ஒரு வாரத்து ரொட்டிக் காசு, இமைப்பதற்குள்.
சாகிறவன் ஒரு ஐயோ சொல்ல வேண்டாமா?

இரவெல்லாம் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தேன்.
இங்கே யாருக்கும் யாருக்கும் நடுவே சுவரில்லை.
கடைசியாள் பேசியது முதலாள் காதுக்குத் திரும்பப் போகிறது,
சரியாகச் சொன்னேனா என்று.
நடுவில் ஒருவன் பொய் சொன்னால்
அத்தனை பேரும் நம்பி ஒரே பக்கம் சாய்கிறார்கள்,
ஸ்பீக்கர் எரியும்வரை.
யார் ஆரம்பித்தது என்று கேட்டால்
ஒருவரையொருவர் கைகாட்டும் குடும்பம்.

ஒரு குண்டு பல்பைத் தொடரில் போட்டுத்தான்
இதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்,
பசி மிஞ்சினால் பல்பு வாங்கிக்கொள்ளும்.
ஆனால் குண்டு பல்பு இப்போது எந்தக் கடையில்?
எதிர்வீட்டு ஓர்டென்சியாவின் கோழிக்குஞ்சுப் பெட்டியில் ஒன்று இருந்தது.
எட்டுப் பிணத்துக்குப் பிறகு நான் பல்பு வாங்கினேன்
என்பது இரண்டு விதத்திலும் உண்மை.
குஞ்சுகளை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு
அவள் என் வாசலிலேயே நின்றாள்,
கடிகாரத்தைப் பார்த்தபடி.

மூன்றாவது நான்கு, கடனில்.
சுவிட்ச்.
பல்பு முழு வெளிச்சம்!
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
கடைசியில் யாரோ ஒருவர் சிவந்தார்களே.
அந்த வெளிச்சத்திலேயே அளந்துகொண்டு போனேன்.
பத்தில் ஆறு வோல்ட்,
இவற்றின் விருப்பு வெறுப்பெல்லாம் அவ்வளவுதான்.
ஓரிடத்தில் மட்டும் அந்த ஆறு இல்லை.
அரிசியளவு ரெசிஸ்டர் ஒன்று,
வண்ணப் பட்டையெல்லாம் ஒழுங்காக,
உள்ளே அறுந்து கிடந்தது.

மாற்றினேன்.
பல்பு பளிச்சென்று எரிந்து,
கங்காகி, அணைந்தது.
ஓர்டென்சியா கேட்காமலே கழற்றிக்கொண்டு போனாள்.

இனி சூடு பார்க்க வேண்டும்.
சூடானால் இவை இன்னும் குடிக்கும், குடித்தால் இன்னும் சூடாகும்.
நாற்பத்திரண்டு வோல்ட்டுக்குப் பயந்து
பைக்குள்ளேயே கிடந்த இடது கையை
வெளியே எடுத்து, ஹீட்சிங்க் மேல் வைத்தேன்.
கோழிக்குஞ்சுச் சூடு.
அரைமணி நேரம் அப்படியே.

ஞாயிறு காலை சபை மேலே, என் ஜன்னல் கீழே.
பேஸ் நன்றாகவே இறங்கி வந்தது.
மூன்றாவது தந்தி கொஞ்சம் இறக்கம்.
அது என் பில்லில் இல்லை.