அறுகோணம்

இந்த ஊரைச் சட்டி என்றுதான்
ஊர்க்காரரே சொல்வார்கள்.
சுற்றிவர மலை, நடுவில் நாங்கள்.
தை மாதம், காற்று அசையாத நாட்களில்
வானம் மூடியும் போட்டுவிடும்.
பிறகு லொறி, கார், விறகடுப்பு, மூச்சு
எல்லாம் ஒன்றாகக் கிடந்து வேகும்.

சாருகன் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு கருவி செய்தான்.
தண்ணீர்க் குழாயின் இரண்டு முழங்கை,
உள்ளே நகமளவு விசிறி, ஒரு சிவப்புக் கண்.
குசினி யன்னலுக்கு நேர் கீழே
பல்கனிக் கம்பியில் கட்டினான்.
அங்கேதான் வைஃபை எட்டுமாம்.
புள்ளி வாங்கினான், மறந்தும் போனான்.
அது மறக்கவில்லை.
சில நிமிடங்களுக்கு ஒருமுறை
எங்கள் வீட்டை முகர்ந்து
ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கைபேசியில் திறந்தால்
ஸ்டுட்கார்ட் ஒரு தேன்கூடு.
அறைக்கு அறை நிறம்.
மேட்டுத்தெருக்களுக்குப் பச்சை,
பெருந்தெரு ஓரத்துக்கு
எந்த நேரமும் ஒரு செம்மஞ்சள்.
எங்கள் தெருவின் அறுகோணம் மட்டும்
ஞாயிறு பதினொன்றரைக்கு
கத்தரிக்காய் நிறமாகும்.

ஒரு சனிக்கிழமை படியில்
கீழ்வீட்டு ஹேபர்லே மறித்துக் காட்டினார்.
தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம்
காருக்குச் சாயம் அடித்தவர்.
பளபளப்பெல்லாம் காருக்குப் போய்
மிச்சம் அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது.
ஒரு வசனம் பேசி முடிக்க
இரண்டு படி உட்கார வேண்டும்.

"பாருங்கள், ஊதா.
நுரையீரல் நோயாளிகள் வெளியே போகவேண்டாம்,
யன்னலைச் சாத்தவும் என்கிறது.
நாலு ஞாயிறாய்ச் சீட்டு விளையாடப் போகவில்லை.
இந்தத் தெருவில் எவனோ
ரயர் எரிக்கிறான்.
நகரசபைக்கு எழுதப் போகிறேன்."

என் பையில் அப்போது
ஒரு கிலோ செத்தல் மிளகாய்.

சொல்லியிருக்கலாம்.
இருபத்தாறு வருட ஜெர்மன் மொழியில்
அதற்கு வேண்டிய அத்தனை சொல்லும்
என்னிடம் இருந்தன.
"அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.
மேலே வந்து
பையைக் குளிர்பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்,
களவெடுத்த சாமான் மாதிரி.

அடுத்த ஞாயிறு
தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டு
நெருப்பு மூட்டாமல் யன்னலில் நின்றேன்.
கீழே கதவு திறந்தது.
தொப்பி, கைத்தடி, கழுத்துத் துண்டு.
தரிப்பிடம் வரைக்கும் மூன்று தடவை நின்றார்.
மஞ்சள் டிராம் வந்து
அவரை ஏற்றிக்கொண்டு போனது.
போட்டேன் மிளகாயை.
கொத்தமல்லி, சீரகம், கடைசியாய்க் கறிவேப்பிலை.
தும்மித் தும்மிக் கைபேசியைப் பார்த்தேன்.
ஊதா. நல்ல ஊதா.
அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்
துருப்பு இறக்கிக்கொண்டிருப்பார்.

இப்போது படியில் காணும்போதெல்லாம்
செயலியைப் புகழ்கிறார்.
புதிய பதிப்பு கெட்டிக்காரப் பதிப்பாம்,
அவர் வெளிக்கிடும் நேரம் பார்த்து
காற்றைச் சுத்தம் பண்ணித் தருகிறதாம்.
நகரசபையும் பதில் போட்டிருக்கிறது:
தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.

ஆனால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு
இந்தக் கட்டடத்தில் ஒரு கடுகுகூட வெடிப்பதில்லை.
அப்போதும் அறுகோணம் மெல்லச் சிவக்கிறது.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்,
எட்டு வரிசை நெருப்பு
பெருந்தெருவில் விளக்கு மாறக் காத்து நிற்கிறது.
அவற்றில் எத்தனைக்கு அவர் சாயம் அடித்தாரோ.
அவர் டிராம் ஏறும்வரை பொறுப்போம் என்று
ஒரு வண்டியும் எஞ்சினை நிறுத்துவதில்லை.

குழாயை மற்றப் பக்கம் மாற்றிவிடவா
என்று சாருகன் கேட்டான்.
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை,
காதில் எதையோ மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இன்றைக்கு ஞாயிறு.
பதினொன்று, பதினொன்றேகால், பன்னிரண்டு.
கீழே கதவு திறக்கவில்லை.
இருமல் மட்டும் படியேறி வந்தது.

அடுப்பைத் தொடவில்லை.
கழுவிக் காயவைத்த மிளகாயைத் திரும்பப் போத்தலில் போட்டேன்.
மத்தியானம்
தாளிக்காத சொதி.