ஆம்னி

கேள்வி: ஆம்னிபொடன்ட்லி, வாக்கியத்தில் அமைக்க.
அமலோற்பவி அமைத்திருக்கிறாள்:
பெங்களூரிலிருந்து ஆம்னி பஸ்
ஆம்னிபொடன்ட்லி வந்தது.

சிவப்பு மையில் சுழிக்கப் போனேன்.
ஏற்காடு வண்டி நாலாவது வளைவில்
என் கையைச் சுழித்தது.

லத்தீனில் ஆம்னிஸ் என்றால் எல்லாம்,
பொடென்ஸ் என்றால் வல்லது.
ஆம்னிபுஸ், எல்லார்க்கும்.
எல்லாரையும் எங்கோ இறக்கிவிட்டு
உருபு மட்டும் ஓடுகிறது, பஸ் என்று.
நான்காம் வேற்றுமை.
ஒரு 'கு'வுக்குள் அறுபது பேர்,
அவரை மூட்டை, கால் கட்டிய சேவல்,
மடியில் விடைத்தாள்களோடு நான்.

ஒன்றுவிட்ட அக்கா தங்கையை
உறவு தெரியாமலே
ஒரே வரியில் உட்காரவைத்திருக்கிறாள் பெண்.

'எல்லாம் வல்ல' வரைக்கும் சிக்கல் இல்லை.
அஸ்தம்பட்டி கல்யாணப் பத்திரிகைகளில் தினமும் அச்சாகிறது.
'ஆக' சேர்த்தால்தான்
சொல் வினை கேட்கிறது.
எல்லாம் வல்லதாக,
சரி, என்ன செய்தது?

பதினொன்றாம் வளைவு.
மேலேயிருந்து சவுக்கு லாரி.
ஏறும் வண்டிக்கே முதல் வழி என்கிறது பலகை.
வேடியப்பன் பலகையைப் பார்க்கவில்லை.
தலையை வெளியே நீட்டி
வரலாமா என்கிறார்.
வா, வா, இன்னும் வா, ஓல்டான்!
கண்டக்டர் தகரத்தைத் தட்டுகிறான்.
சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு சாண் சேலம், வெகு கீழே.

லாரி உரசாமல் போயிற்று.
சேவல் மட்டும் ஏதோ சொன்னது.

அரை மதிப்பெண் போட்டேன்.
ஓரத்தில் எழுதினேன்:
வந்தது சரி.
பின்னுக்கு எப்படிப் போகும்?