ஒரு மாரி போகட்டும்

கல்முனைக் கிளினிக்கில்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
பேனை முனையால் காட்டினா டொக்டர் ருஸ்னா:
"இந்தா, இதிலதான் பள்ளம்.
பல்லுப் போய் பதினாறு வருசம்.
வேலையில்லாத எலும்ப உடம்பு சும்மா வெச்சிருக்காது,
கரைச்சி எடுத்திரும்.
இப்ப ஆணி இறக்கினா
நிக்கிறத்துக்கு நிலமில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது.
வாய் நிறையப் பஞ்சு.

பாண்டிருப்பில் ரெண்டு டிப்பர் ஓடுது எனக்கு.
வயல் துண்டு வாங்கி வீடு கட்ட வருகிறவர்களுக்குப்
பள்ளம் நிரப்பிக் கொடுப்பது தொழில்.
எல்லாரும் அவசரக்காரர்.
நாளைக்கே அத்திவாரம், தைக்குள்ள கூரை.
கொட்டின மண்ணை நம்பவேணாம், என்பேன்,
ஒரு மாரி அதில நிண்டு பெய்யட்டும்.
கேளாமல் கட்டின ஒருவரின் குசினிச் சுவர்
பெரியநீலாவணையில்
இன்னும் வாயைத் திறந்தபடி நிற்கிறது.

பல் எப்படிப் போனது என்று படிவத்தில் ஒரு கேள்வி.
விபத்து, என்று எழுதினேன்.
மச்சானின் கலியாண வீட்டில்
சோடா மூடியைக் கடித்தே திறப்பதாய்ப் பந்தயம் பிடித்து
மூடியோடு முன்பல்லும் பிளந்ததை
வேறு எப்படி எழுத?
பந்தயத்தில் வென்றதை எழுத
அதில் இடம் விடவில்லை.

பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு
குரலைத் தணித்தா:
"என்ன எலும்பு போடுற?
ஒங்கட நாடியிலயே சுரண்டி எடுக்கலாம், அது ரெண்டு காயம்.
மவுத்தான ஆரோ குடுத்தது, அதுவும் எடுப்பிக்கலாம்.
இப்ப என்னட்ட இரிக்கிறது மாடு.
எங்கட ஆக்களுக்குப் பண்டி இல்ல எண்டு சொல்லணும்,
ஒங்கட ஆக்களுக்கு மாடு எண்டு சொல்லணும்.
சொல்லாமப் போடமாட்டன்."

இருபது வருசமாய் நான் கொட்டிய கிரவல்
எந்த மலையின் எந்தப் பக்கம் என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

நாடியைத் தடவிப் பார்த்தேன்.
சொந்தக் காணியில் வெட்டிச் சொந்தக் காணியை நிரப்பினால்
பள்ளம் இடம் மாறும், அவ்வளவுதான்.
மற்ற ஆளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்.
பெயர் தெரியாத ஒருவரோடு
மூன்று நேரமும் சோறு தின்ன
எனக்கு ஏலாது.
மாடு, என்றேன்,
வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரன்.

சின்னப் போத்தலில்
அரிசிக் குறுணல் போல இருந்தது.
என் இரத்தத்திலேயே குழைத்தா.
ஒரு தேக்கரண்டிக்கும் காணாது.
விலையைக் கேட்டதும்
மூன்று கியூப் கிரவல்
என் நெஞ்சில் கொட்டுப்பட்டது.

"துப்பக் கூடா. உறிஞ்சிக் குடிக்கக் கூடா.
விசில் அடிக்கக் கூடா."

விசில் இல்லாமல் டிப்பரை எப்படிப் பின்னுக்கு எடுப்பது?
கையைத் தட்டினேன்.
மூன்றாம் நாள் டிரைவர் நிரோசன்
அதைப் பாராட்டு என்று நினைத்து
பின்சில்லை வாய்க்காலுக்குள் இறக்கினான்.

வீட்டில் சுகந்தி கேட்டாள், என்னத்த வெச்சவ?
கிரவல், என்றேன்.
வெள்ளிக்கிழமை அவள் பருப்பு ஊற்ற
ஒரு பக்கமாய் மென்றேன்.
மற்றப் பக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு மாதம் என்றிருக்கிறா.
போட்டதைச் சுற்றி என் எலும்பு வந்து பிடிக்குமாம்,
எது மாடு எது நான் என்று
படத்திலும் பிரிக்க ஏலாதளவுக்கு.

இப்போது கார்த்திகை.
புதிதாய் நிரப்பின காணியில் விடியவிடிய மழை.
காணிக்காரர் கோல் எடுக்கிறார்:
"அரை அடி இறங்கிட்டுத் தம்பி, மோசமா?"
நாக்கு தன்பாட்டில் போய்
தைத்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறது.
இறங்கட்டும், என்கிறேன்.
பிறகு, அவர் கேட்காமலே,
மண் எங்கிருந்து வந்தது என்று
சொல்லத் தொடங்குகிறேன்.