பத்து மணிக்கு மேல்

பத்தூமியிலிருந்து மகன் லேவான் செய்தி அனுப்புகிறான்:
எட்டுப் பேர், நான்கு இரவு, கௌனஸ் ஊர்க்காரர்கள்.
பணம் வந்துவிட்டதாம். மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

எட்டுப் பேர் என்றால் எட்டுத் துண்டு,
எதிர்வீட்டு ஸூரிகோவிடம் இரவல் வாங்கிய மடக்குக் கட்டில்,
புளிக்கும் பிளம் சாஸ் ஒரு சீசா, அது என் கணக்கு,
லிஃப்டுக்குப் போட ஒரு கிண்ணம் நிறைய இருபது தெத்ரி நாணயம்.
திபிலீசியின் பழைய லிஃப்ட்; காசு விழாமல் நகராது,
மூட்டுவலியைச் சொன்னால் கேட்காது.

வெந்நீர்க் குழாயை வலப்பக்கம் திருக வேண்டும்.
நீலப் புள்ளிதான் வெந்நீர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.
குப்பையைப் பால்கனியில் வைத்தால் பூனை வரும்.
பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.
மூன்று மொழியில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்,
ஒருவரும் படிப்பதில்லை.

மூன்றாம் மாடி அவர்களுக்கு, இரண்டாம் மாடி எனக்கு.
அவர்கள் தரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி படுத்திருப்பவள் நான்.
முகம் மறந்துபோகும், நடை மறக்காது:
விடிய விடியக் குதித்த கல்யாண மாப்பிள்ளைக் கூட்டம்,
அதிகாலை நான்கு மணிக்குப் பெட்டி உருட்டிய ஹைஃபா குடும்பம்.

இந்த எட்டுப் பேர் ஒரு தினுசு.
பாட்டு இல்லை, பேச்சுக்குரலும் இல்லை.
எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வரும், கரடுமுரடாக,
வந்த வேகத்தில் அறுந்துபோகும்.
பிறகு தட்.
தட் தட்.
யாரோ குதிகாலால் தரையை உதைக்கிறார்கள்,
என் கண்ணாடித் தொங்குவிளக்கு ஆடுகிறது.
ஆடி நிற்கும் நேரம் பார்த்து
மறுபடியும் தட்.

இரண்டாம் இரவு, பதினொன்றரை.
கையில் சில்லறை இல்லை, படியேறினேன்.
மணியை அழுத்தினேன். உள்ளே அது ஒலிப்பது எனக்கே கேட்கிறது.
கதவிடுக்கில் வெளிச்சம், வெளிச்சத்தில் நிழல்கள்.
விரல் வலிக்கும்வரை அழுத்தினேன், முஷ்டியால் குத்தினேன்.
ஜார்ஜிய மொழியில் சொன்னேன், ரஷ்ய மொழியில் சொன்னேன்,
பிறகு லேவான் முன்னால் சொல்லாத சிலவற்றையும் சொன்னேன்.

எங்கள் கட்டிடத்தில் மின்பெட்டி படிக்கட்டில்தான் இருக்கிறது,
கோபத்துக்கு எட்டும் உயரத்தில்.
விசையைக் கீழே இழுத்தேன்.

கதவு உடனே திறந்தது.
கைபேசி விளக்கோடு ஒரு பெண்.
அந்த வெளிச்சத்தை என் முகத்தில் அடிக்கவில்லை,
தன் வலக்கை மேல் பாய்ச்சினாள்.
அந்தக் கை காதைத் தொட்டது,
இல்லை என்று அசைந்தது.
அவளுக்குப் பின்னால் இன்னொரு விளக்கு,
அதில் ஒருவனின் இரு கைகளும்
வாக்கியத்தின் பாதியில் அப்படியே நின்றிருந்தன.

எட்டு வாயையும்
ஒரு விரலால் பொத்தியிருக்கிறேன்.

விசையை மேலே தள்ளினேன்.
நின்றிருந்த கைகள் விட்ட இடத்தில் தொடங்கி
மீதியைச் சொல்லி முடித்தன.
ஏழு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.
என்ன சொன்னான் என்று இன்றுவரை தெரியாது,
என்னைப் பற்றித்தான் இருக்கும்.

உள்ளே இழுத்து உட்காரவைத்தார்கள்.
எக்லேவுக்கு, அதாவது கதவு திறந்தவளுக்கு, ஐம்பது வயது நிறைகிறதாம்;
ஐந்தையும் பூஜ்யத்தையும் காற்றில் எழுதிக் காட்டினாள்.
கேக்கில் பாதி தீர்ந்திருந்தது.
மேசையின் மறுகோடியில் யாரோ வேறு பக்கம் பார்த்திருக்க
அவரைத் திருப்ப ஒருவன் காலால் தரையைத் தட்டினான்.
நாற்காலிக் கால் வழியாக அது என் முதுகுக்கு ஏறியது.
கீழே இப்போது விளக்கு ஆடும் என்று நினைத்துக்கொண்டேன்,
பார்க்க ஆளில்லாமல்.

ஐந்தாம் நாள் துண்டுகளை அள்ளப் போனேன்.
நாணயக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் மிச்சம்.
பிளம் சாஸ் சீசா கழுவிக் கவிழ்த்திருந்தது.
கதவில் ஒட்டிய காகிதத்தில்
ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக்.
வெந்நீருக்கு ஒன்று, நீலப் புள்ளிக்கு ஒன்று,
பூனைக்கு ஒன்று.
பத்து மணிக்கு மேல் சத்தத்துக்கும்
நல்ல அழுத்தமாக ஒன்று.

அழிக்கவில்லை.
வெள்ளிக்கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள்.