வால் முளைத்த சொல்

கிரிம்ஸ்பியில், மீன் வாடை படியேறி வரும் ஒரு மாடியில்
காப்பீட்டுக் கழகத்தின் மூன்றாம் மேசை
பெரில் ஸ்கெல்டனுடையது.
இன்று காலை வந்த படிவத்தில் நீல மை,
கோடு போட்டு நிறுத்தியதுபோல் எழுத்து.
விபத்து எப்படி நடந்தது என்ற கட்டத்துக்குள்
லாரி ஓட்டுநர் விதேனிஸ் ஷிம்குஸ் எழுதியிருக்கிறார்:
மூடுபனி. வளைவில் வாத்துகள்.
நான் ஹார்ட்லி பிரேக் போட்டேன்.

அதாவது,
போட்டேன் என்று சொல்லுமளவுக்குப் போடவில்லை.
கீழே கையெழுத்து, தேதியோடு.

இடிந்தது ஆட்ரி பிளெங்கின் அம்மையாரின் தோட்டச் சுவர்.
சிதறியது நாலு டன் பனிக்கட்டி,
அதன் நடுவே ஹாடக் மீன்கள்
இரண்டாம் முறையாகக் கரை ஒதுங்கின.

பக்கத்து மேசை கீத் எட்டிப் பார்த்தார்.
"ஆளே ஒத்துக்கொண்டுவிட்டான். கோப்பை மூடு."

பெரில் மூடவில்லை.
கூடவே வந்த புகைப்படத்தில்
ஈரத் தாரின் மேல் இரண்டு கறுப்புக் கோடுகள்,
பதினோரு மீட்டர்,
சுவர்வரை வந்து நின்றிருந்தன.
சாலை ஒன்று சொல்கிறது.
தாள் வேறு சொல்கிறது.

நமக்கு இந்தக் கண்டம் இல்லை.
'ஆன' வந்தால் பெயரின் கையைப் பிடிக்கும்,
'ஆக' வந்தால் வினையின் தோளில் ஏறும்.
கடுமையான மழை; கடுமையாகப் பெய்தது.
லேட் என்ற சொல்லைக் கடன் வாங்கியபோதும்
நம் 'ஆக'வை ஒட்டி
லேட்டாக என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

அவர்களுக்கு 'லி' என்று ஒரு வால்.
நத்தை ஸ்லோ, அது நகர்வது ஸ்லோலி.
இதுவரை வழி நேர்.
அப்புறம்தான் வளைவு, மூடுபனி, வாத்துகள்.
ஃபாஸ்ட் வால் வைத்துக்கொள்ளாது,
ஓடும் குதிரைக்கும் அதுவே, ஓட்டத்துக்கும் அதுவே.
லேட்டுக்கு வைத்தால் தாமதம் எழுந்து போய்
'சமீபத்தில்' வந்து உட்காரும்.
ஹார்ட்டுக்கு வைத்தாலோ
மிதித்த காலின் பலம் முழுக்க வடிந்து
மிதிக்காத கால் மிஞ்சும்.
வாலை ஒட்டப் போனால் தலை மாறிவிடுகிறது.

பெரில் தொலைபேசியை எடுத்தாள்.
"பிரேக்கை எப்படி மிதித்தீர்கள், மிஸ்டர் ஷிம்குஸ்?"
"ஹார்ட்லி, மேடம். வெரி ஹார்ட்லி.
ஷூவின் அடி பிய்ந்துவிட்டது."
"அந்த லி எதற்கு?"
சற்று நேரம் மூச்சு மட்டும்.
"வினையோடு வருவதற்கு லி போட வேண்டும்.
கௌனாஸிலிருந்து கொண்டுவந்த புத்தகம்,
நாற்பத்தேழாம் பக்கம். போடாவிட்டால் தவறு."

விதியை மீறியவன் மாட்டிக்கொள்வது ஊர் வழக்கம்.
இவர் மாட்டிக்கொண்டது
கீழ்ப்படிந்ததால்.

வாடிக்கையாளர் எழுதியதில் கைவைக்க
அவளுக்கு உரிமை இல்லை.
ஓரத்தில் மட்டும் பென்சிலால் குறித்தாள்:
மனுதாரரின் சொல்லில் பிழை.
காலில் பிழை இல்லை. படம் இரண்டைப் பார்க்க.
கீத் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.
கையெழுத்துப் போட்டார்.

சுவருக்குப் பணம் போய்ச் சேர்ந்த மாதம்
ஒரு வாழ்த்து அட்டை வந்தது.
முகப்பில் வாத்து; வேண்டுமென்றே வாங்கியிருப்பார்.
உள்ளே அதே நீல மை:
நீங்கள் கைண்ட்லி வுமன்.

சிவப்புப் பேனா தானாகவே கைக்கு வந்தது.
பெயருக்கு முன்னால் வால் எதற்கு?
வெட்டப் போனவள் நின்றாள்.
இருக்கிறது, அப்படியும் ஒரு பழைய சொல்:
வாலோடு பிறந்து பெயரையே அண்டி வாழ்வது,
ஃப்ரெண்ட்லி போல,
லோன்லி போல.
கடைசிச் சொல்லை அவளுக்கு
எந்தப் பக்கமும் சொல்லித்தரத் தேவையில்லை.

அவளைப் பற்றி யாரும் எழுதிய வாக்கியங்களில்
இலக்கணம் சரியாக இருந்தவை நிறைய,
பணி ஓய்வுக் கணக்கு, மணவிலக்குத் தாள்.
பேனாவுக்கு மூடி போட்டாள்.
அட்டையைக் கணினித் திரையின் அடியில் சாய்த்து வைத்தாள்.
விழுந்தது. மறுபடி வைத்தாள்.

அன்று அவள்
லேட்டாகத்தான் வீட்டுக்குப் போனாள்.